வழி கேட்டவள்

பொய் சொல்கிறவர்கள் எக்ஸ்ரே காட்ட மாட்டார்கள். ராஜகுருவின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு நீளக் கம்பி இருக்கிறது. மதுரையில் வைத்தது. அவனைக் காட்டிலிருந்து தூக்கி வந்த குட்டியானை வண்டி இன்றைக்கும் திருச்சுழி ரோட்டில் கரி மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஓட்டுகிறவனை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ராத்திரியில் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பட்டப்பகல். பங்குனி மாதத்து உச்சி வெயில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் லைட் போட்ட தெருவில் இருக்கிறவர்கள் சொல்லிக்கொள்வது. நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டு படுத்துக்கொள்கிற நேரத்தில், கருவேலங்காட்டுக்குள் தனியாக நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ராஜகுருவின் பெண்டாட்டி அனுசியா நின்று பார்த்தாள்.

அன்றைக்குப் பங்குனிப் பொங்கல். அருப்புக்கோட்டையில் கடையடைப்பு. ராஜகுருவின் மோட்டார், பைப் கடையிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. கோயிலுக்குப் போய் வந்த கையோடு, பாளையம்பட்டி வாடகை வீட்டு வாசலில் காரின் பின்னால் இரண்டு சைக்கிள்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் வைத்த மலைச் சைக்கிள்கள். ‘சுகர் எல்லையில் நிற்கிறது, வேர்க்க வேர்க்க ஏதாவது செய்யுங்கள்’ என்று டாக்டர் சொன்னதன் விளைவு. வேறு ஆளாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்திருப்பான். ராஜகுரு எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. பெண்டாட்டிக்கும் சேர்த்து வாங்கி வந்தான்.

“மலையே இல்லாத ஊர்ல மலைச் சைக்கிளு. பாக்குறவுக சிரிக்காக” என்றாள் அனுசியா.

“சிரிக்கட்டும். சுகரு எறங்குதுல்ல?”

“காசும்தான் எறங்குது.”

மதுரையைச் சேர்ந்த சைக்கிள் குழு ஒன்று திருச்சுழிக்கு இந்தப் பக்கம், கண்மாய்க்குப் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டை வெட்டி ஒற்றையடிப் பாதை போட்டிருந்தது. ‘டிரெயில்’ என்பார்கள். தார் கிடையாது. மேடு, பள்ளம், ஓடை, கண்மாய்க்கரை எல்லாம் அதில் வரும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சுற்று. குழம்பும் இடங்களில் குச்சி நட்டு, அம்புக்குறி போட்ட தகரப் பலகை. ஞாயிற்றுக்கிழமையானால் வரிசையாகக் கார் நிற்கும். சிவப்புச் சுற்றுதான் கடினம். அதில் இவர்கள் இதுவரை போனதில்லை.

“இன்னைக்கு ஒரு பய இருக்க மாட்டான். காடே நமக்குத்தான்” என்றான் ராஜகுரு.

“அதாங்க பயமா இருக்கு.”

“அடி போடி.”

கண்மாய்க்கரை அடியில், ஒரு வேப்பமரத்தின் கீழ் காரை நிறுத்தினார்கள். அவனுடைய போனைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டான். அவளுடையதைக் காரிலேயே வைக்கச் சொன்னான். ‘விழுந்து உடைஞ்சா நீதான் அழுவ’ என்றான். கார்ச் சாவி அவள் பையில். ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிவப்பு டீ-ஷர்ட், தலையில் ஹெல்மெட்.

சிவப்புச் சுற்றில் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது.

முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. கருவேல நெற்றுகள் சக்கரத்தின் கீழ் நொறுங்கின. ஒரு கௌதாரி குறுக்கே ஓடியது. அதற்குப் பிறகுதான் அனுசியா ஒன்றைக் கவனித்தாள். சத்தமே இல்லை. காக்கை இல்லை, தவிட்டுக்குருவி இல்லை. எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்த கோயில் ரேடியோவும் நின்றிருந்தது. டயர் உருளும் சத்தம்... அவளுடைய மூச்சு... அவ்வளவுதான்.

பாதை ஓர் ஓடையில் இறங்குகிற இடத்தில் ஒரு பெரிய தட்டைக் கல் கிடந்தது. ஆள் நீளம். இடுப்பு உயரம். சைக்கிள் குழுவினர் அதன் இந்தப் பக்கம் மண்ணைச் சரித்து மேடாக்கி, கல்லின் மேல் சிவப்புப் பெயின்டில் அம்பு வரைந்திருந்தார்கள். ஏறி, கல்லின் மேல் ஓட்டி, அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். துணிச்சல் இல்லாதவர்கள் சுற்றிக்கொண்டு போகலாம்.

“சுத்திப் போவமே” என்றாள்.

“பாரு” என்றான் அவன்.

ஏறினான். கல்லின் நடுவில் சைக்கிள் நின்றது. அவன் பிரேக் பிடிக்கவில்லை. பிடிக்கவே இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். யாரோ பின்சக்கரத்தைப் பிடித்த மாதிரி நின்றதாம். அப்படியே தலைகுப்புற அந்தப் பக்கம் போனான். கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது கட்டை இல்லை.

அனுசியா ஓடினாள். வலது கால், மூட்டு இல்லாத இடத்தில் மடங்கியிருந்தது. சதையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கைப்பிடியில் இருந்த போன் கல்லில் பட்டுச் சில்லுச் சில்லாகியிருந்தது. அவனுடைய தண்ணீர்ப் பாட்டில் மூடி தெறித்து, கடைசிச் சொட்டையும் கரிசல் குடித்துவிட்டது. அவளுடையதில் நாலு மடக்கு மீதி.

துப்பட்டா கொண்டு வந்திருந்தாள். தொடையோடு இறுக்கிக் கட்டினாள். தோளுக்கடியில் கை கொடுத்து, அவன் அலற அலற, ஒரு கருவேல மரத்தடிக்கு இழுத்தாள். கருவேல நிழல் என்ன நிழல்? சல்லடை நிழல். இருந்த தண்ணீரை அவன் வாயில் ஊற்றினாள்.

“போயிராத அனு.”

“போனாத்தானே ஆளு வரும்? காரு வரைக்கும் போயி போன் போட்டுட்டு ஓடியாரேன். கண்ண மூடக் கூடாது, என்ன?”

அவன் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. அதைவிடப் பயம் தந்தது இன்னொன்று. இவ்வளவு வெயிலில், இவ்வளவு வலியில்... அவன் உடம்பில் வேர்வை இல்லை. போன கோடையில் கடைக்கு லோடு இறக்க வந்த ஆள் இப்படித்தான் வேர்வை நின்று, உளறி, விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வரை தாங்கவில்லை.

அவளுக்கு நேரம் இல்லை.

ஓடையைத் தாண்டியதும் பலகை இருந்தது. ‘வெளியே’ என்று எழுதி இடது பக்கம் அம்பு. இடது பக்கம் திரும்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கருவேல முள் கையைக் கீறியது. பாதை வளைந்தது. மறுபடி வளைந்தது. தூரத்தில் வெளிச்சமாகத் திறந்து தெரிந்தது. கண்மாய்க்கரை! எழுந்து நின்று மிதித்தாள்.

கண்மாய்க்கரை இல்லை.

‘வெளியே’ பலகை. அதே பலகை. அதே வளைந்த ஆணி. தரையில் அவளுடைய டயர் தடம் இடது பக்கம் போயிருந்தது.

எங்கோ தவறாகத் திரும்பிவிட்டோம் என்று நினைத்தாள். அந்த நிலைமையில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மறுபடியும் அதே பாதை. இந்த முறை மெதுவாக, எந்தப் பிரிவையும் தவறவிடாமல். பிரிவே இல்லை. ஒற்றைப் பாதை. போகிற வழியில், மண்ணில் வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. குனிந்து பார்த்தாள்.

பொரி.

யாரோ தின்றுகொண்டே போயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். ஆள் நடமாட்டம் இருக்கிறது, நல்லதுதான். இருபதடி தள்ளி மறுபடியும் பொரி. அதற்கப்பால் இன்னும். பக்கத்திலேயே எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. பொரி கிடந்த இடத்தில் சாரை வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. ஓர் எறும்பு கூட அதைத் தொடவில்லை.

அனுசியா மிதித்தாள்.

“யாராச்சும் இருக்கீகளா... யண்ணே... யாராச்சும்...”

தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதை வளைந்தது. மறுபடி வளைந்தது. வெளிச்சம் தெரிந்தது.

பலகை.

அவள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கண்ணீர் வரவில்லை. உடம்பில் அதற்குத் தண்ணீர் இல்லை. அங்கே அவன் கிடக்கிறான். இங்கே இவள் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறாள். ‘ஆத்தா, என் உசுர வேணாலும் எடுத்துக்கோ, அவுகள விட்டுரு’ என்று வாய்விட்டே சொன்னாள். காலையில் பார்த்துவிட்டு வந்த அம்மன் காதில் விழுந்ததோ என்னவோ.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

அவளுடைய டயர் தடத்தின் மேல் ஒரு காலடித் தடம். வெறுங்கால். சின்னக் கால். அவள் இரண்டாவது முறை போன பிறகு யாரோ அதன் மேல் மிதித்து நடந்திருக்கிறார்கள். தடம் வெளியே போகவில்லை.

உள்ளே போயிருந்தது.

ராஜகுரு கிடக்கிற திசையில்.

அவள் நிமிர்ந்தாள். பலகையில் அம்பு இப்போது வலது பக்கம் காட்டியது.

காற்று இல்லை. ஆனால் பலகையின் தகரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது... யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி.

யோசிக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. வலது பக்கம் மிதித்தாள். முள். சரளை. மேடு. மூச்சு விசில் அடித்தது. மேட்டின் உச்சியில் பாதை சட்டென்று அறுந்தது. இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தினாள். முன்சக்கரம் விளிம்பில் நின்றது.

கீழே சரளை மண் அள்ளிய பள்ளம். கிணறு மாதிரி செங்குத்து. இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அந்தக் கரையில்... ஓடை. தட்டைக் கல். கருவேல மரம்.

ராஜகுரு.

அவன் தனியாக இல்லை.

மரத்தடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவன் தலை அவள் மடியில். சிவப்பு டீ-ஷர்ட், தலையில் ஹெல்மெட். அனுசியாவுக்கு உயிர் வந்தது. அப்பாடா! யாரோ சைக்கிள்காரி. டிரெயிலுக்கு வந்தவள். அவளிடம் தண்ணீர் இருக்கும், போன் இருக்கும்.

“ஏங்க! இங்க பாருங்க! ஏங்க...!”

இரண்டு பேருமே திரும்பவில்லை.

ராஜகுரு பேசிக்கொண்டிருந்தான். கையைத் தூக்கி ஏதோ காட்டினான். நேராக. அப்புறம் இடது பக்கம். அப்புறம் விரலை வளைத்து, அந்தப் பக்கம் என்பது போல. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் வழி கேட்டுக்கொள்வார்களே, அப்படி.

ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு மயில் ஸ்டிக்கர்.

அதை ஒட்டியது அனுசியாதான். தன்னுடைய ஹெல்மெட்டில்.

கை தானாகத் தலைக்குப் போனது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது.

“என்னங்க...” என்றாள். கத்தவில்லை. கத்த வரவில்லை.

அந்தப் பெண் திரும்பினாள்.

முகம் இருந்தது.

இவளுடைய முகம்.

ஆனால் ஒரு பொட்டு வேர்வை இல்லை...

அது பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து இவளையே பார்த்தது. பிறகு ஒரு கையை எடுத்து அசைத்தது. கூப்பிடவில்லை.

‘போ, போ’ என்று அசைத்தது.

வேலை முடிந்த மாதிரி.

அவனை அதனிடம் விட்டுவிட்டுப் போவதா? சுற்றிக்கொண்டு அவனிடம் ஓடுவதா? ஓடி என்ன செய்ய? கையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாவதைப் பார்க்கலாம். அவ்வளவுதான். அனுசியா வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே கொடுமையானது அதுதான். சைக்கிளைத் திருப்பினாள். பின்னால் பார்க்கவில்லை.

இந்த முறை பாதை வளையவில்லை.

கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடியது. பலகை வரவில்லை. பொரி இல்லை. நாலு மிதியில் கருவேலம் விலகியது. கண்மாய்க்கரை. வேப்பமரம். கார். எங்கோ ரேடியோவில் அம்மன் பாட்டு. காக்கை கரைந்தது.

காருக்குப் பக்கத்தில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பின்னால் சாக்கு மூட்டைகள். புருஷனும் பெண்டாட்டியும் நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். காட்டில் கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள். மாரீஸ்வரன், முருகலட்சுமி. அனுசியா அவர்கள் முன்னால் சைக்கிளோடு விழுந்தாள்.

“யாத்தே!” என்று எழுந்தாள் முருகலட்சுமி. தண்ணீர்க் கேனைத் தூக்கி அவள் தலையிலேயே கவிழ்த்தாள்.

“அவுக... காலு ஒடஞ்சு... உள்ள...”

“எங்கனக்கா?” என்றான் மாரீஸ்வரன்.

“ஓடையில. ஒரு தட்டக் கல்லு...”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகலட்சுமி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“நான் வரல.”

“ஏய், ஒரு உசுருடி.”

“அதுக்குத்தான் சொல்றேன். உன் உசுரும் ஒரு உசுருதான்.”

“அப்ப நீ இங்கனயே கெட. நான் மட்டும் போறேன்.”

“போவ, போவ. தனியா போனா யாரு தூக்குறது?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் வண்டியில் ஏறினாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். திருவிழாக் கூட்டம், வர நேரமாகும் என்றார்கள். காத்திருக்க முடியாது. கண்மாயைச் சுற்றி ஒரு வண்டிப்பாதை இருந்தது. ஓடை வரைக்கும் வண்டி போனது. இறங்கும்போது மாரீஸ்வரன் ஒன்று சொன்னான்.

“அக்கா, அங்கன பேரு சொல்லிக் கூப்புடாதீக. எதுவும் பேசவே வேணாம். தூக்குவோம், வருவோம்.”

மரத்தடியில் ராஜகுரு மட்டும் கிடந்தான். வேறு யாரும் இல்லை. அவனுக்கு மூச்சு இருந்தது. அனுசியா அவன் நெஞ்சில் கையை வைத்தாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் இறங்கினவன் மாதிரி. உதடு நனைந்திருந்தது. அவன் தலைமாட்டில், மண்ணில், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அச்சு.

படுதாவில் அவனைக் கிடத்தினார்கள். முன்னால் மாரீஸ்வரன், பின்னால் பெண்கள் இருவர். யாரும் வாயைத் திறக்கவில்லை. தட்டைக் கல்லைத் தாண்டும்போது முருகலட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தாள்.

தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் ராஜகுரு கண்ணைத் திறந்தான். முன் சீட்டில் மாரீஸ்வரன் தம்பதி. பின்னால், கரி மூட்டைகளுக்கு நடுவில், அவன் தலை அனுசியாவின் மடியில். முன்பக்கம் கேட்கிற தூரம்தான். இடையில் கண்ணாடி கிடையாது.

“நல்ல வேள அனு, நீ போகல” என்றான்.

அனுசியா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன சொல்றீக?”

“போறேன்னு சொல்லிட்டுப் போயி, உடனே திரும்பி வந்துட்டியே. ஒன் கைதான் எவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு. தண்ணி குடுத்த. அது எங்கன கெடச்சுச்சு?”

அனுசியா முள் கீறிய தன் கையைப் பார்த்தாள்.

“ஒண்ணுதான் புரியல. ‘வீட்டுக்கு எப்படிப் போகணும்? வீட்டுக்கு எப்படிப் போகணும்?’னு கேட்டுக்கிட்டே இருந்த. ஒனக்கு வழி தெரியாதா என்ன? சொன்னாத்தான் தண்ணி குடுப்பேன்ன.”

வண்டி ஓரமாக நின்றது. மாரீஸ்வரன் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணே. சொல்லிட்டீகளா?”

“என்னத்த?”

“வழிய.”

“சொன்னேன். ஏன்?”

மாரீஸ்வரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பேசியது முருகலட்சுமி. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கடகடவென்று.

“அது பாடை மாத்துற கல்லு. இந்தப் பக்கத்து ஊருகள்ல செத்தவுகள, பொரி எறச்சுக்கிட்டே சுடுகாட்டுக்குக் கொண்டுபோறப்ப அங்கனதான் எறக்குவாக. மூணு சுத்து சுத்தி, தலைமாடு கால்மாடு மாத்தித் தூக்குவாக. எதுக்கு? செத்தவுகளுக்குத் திரும்பி வர வழி தெரியக் கூடாதுல்ல. வழி தெரியாததுக எல்லாம் அங்கனதான் நிக்கும். சைக்கிள் விடுறவுக வந்து அதும் மேல அம்பு போட்டு, பக்கத்துலயே ‘வெளியே’ன்னு போர்டும் நட்டா? நாங்க சொல்லத்தான் செஞ்சோம். சிரிச்சாக.”

மாரீஸ்வரன் ஸ்டியரிங்கிலிருந்து தலையை எடுத்தான்.

“எந்த வீட்டுக்கு வழி சொன்னீகண்ணே?” என்றான் மாரீஸ்வரன்.

ராஜகுரு யோசித்தான். பாளையம்பட்டி வாடகை வீடு அவனுக்கு வீடாகவே தோன்றியதில்லை. வீடு என்றால் அவனுக்கு எம்.ரெட்டியபட்டிதான். அப்பா, அம்மா போன பிறகு பூட்டிக் கிடக்கிற வீடு. நினைவு தப்பிக் கிடந்தவன் வாயில் அந்த வழிதான் வந்திருக்கிறது. பஸ் ஸ்டாப், நேராகப் போய் இடது பக்கத் தெரு, பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது வாசல்.

“ஆளில்லாத வீடா? அப்ப விடுங்க” என்று மூச்சு விட்டான் மாரீஸ்வரன். “பூட்டுன வீட்டுல போயி அது யார என்ன செய்யப்போகுது?”

வண்டி கிளம்பியது.

காலைக் காப்பாற்றிவிட்டார்கள். உயிரைப் பற்றி டாக்டர் சொன்னதுதான் விசித்திரம். “இந்த வெயில்ல இவ்வளவு நேரம் கிடந்தவருக்கு உடம்புல நீர்ச்சத்து சரியா இருக்கு. நல்லாத் தண்ணி குடுத்திருக்கீங்கம்மா” என்றார். அனுசியா தலையை ஆட்டிவைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ராஜகுரு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாள் இவளே கேட்டபோது, “வெயில்ல மண்ட காஞ்சு என்னமோ உளறியிருக்கேன் அனு. அதப் போயி அந்தக் கரிக்காரன் வேற ஊதி விட்டுட்டான்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பழைய ராஜகுரு. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

சித்திரை பிறந்து, வாக்கர் வைத்து நாலடி நடக்க ஆரம்பித்திருந்தான். ஒரு சாயங்காலம் கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். ரெட்டியபட்டியிலிருந்து போன். அவனுடைய சித்தி தங்கலட்சுமி. ஊரில் பக்கத்துத் தெருவில் இருப்பவள். வாயாடி. ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள்.

“ஏண்டி அனு, எம்புள்ள கால ஊண்டிட்டானா?”

“நடக்காக சின்னத்தே. கொஞ்சம் கொஞ்சமா.”

“அப்ப அவன அங்கன தனியாப் போட்டுட்டு நீ இங்கன வந்து என்னடி பண்ற?”

“எங்கன?”

“எங்கனயா? ஒங்க வீட்டுலதான். ஊரு வந்தவ ஒரு எட்டு வந்து எட்டிப் பாக்க மாட்டியா? மகாராணிக்கு நாந்தான் வரணுமாக்கும். வெள்ளன அந்தப் பக்கம் போறேன், பூட்டத் தொறந்து போட்டுருக்க. வாசல் தெளிச்சிருக்க. நடு வீட்டுல சுவரப் பாத்து உக்காந்துருக்க. அனு, அனுன்னு கூப்புடுறேன்... செவிடு மாதிரி திரும்பவே இல்ல. சரி, ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டைன்னு நெனச்சேன்.”

அனுசியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ராஜகுரு எங்கடின்னு கேட்டேன். அதுக்கு மட்டும்தான் வாயத் தொறந்த.”

“என்ன... சொன்னேன்?”

“நல்லாருக்கே கூத்து! சொன்னவ நீ, என்னையக் கேக்க?” தங்கலட்சுமி சிரித்தாள். “‘வருவாக. வழி அவுகளுக்குத் தெரியும்’னு சொன்னியே.”

அனுசியா போனை வைத்தாள்.

டி.வி. ஓடவில்லை. எப்போது அணைத்தான் என்று தெரியவில்லை. ராஜகுரு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை வாக்கரின் மேல் இருந்தது.

“யாரு, சித்தியா?”

“ம்...”

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ரொம்ப நாளாக ஒரு செய்திக்குக் காத்திருந்தவன் முகத்தில் வருமே, அப்படி.

“அவ வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளாமா?” என்றான்.